ஒரு வீடு, நாலு ஸ்கேல்: டைமென்ஷன் குழம்பிய ஒரு ஆட்டோகேட் கோப்பின் ஆய்வு

படிக்கட்டு டீடெய்லில் ரைசர் 375 என்று அச்சாகியிருந்தது. ஒன்றேகால் அடி உயரத்துக்கு ஒரு படி. எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்ட மாட்டார், போன் போட்டுக் கேட்டுவிடுவார். அதே ஷீட்டில் நோசிங் (படியின் முன்னால் நீட்டிய விளிம்பு) 20-க்குப் பதில் 50 என்று இருந்ததை யாரும் கேட்கவில்லை. 50 நம்பும்படியான எண். டைமென்ஷன் ஸ்கேல் தவறுகளில் ஆபத்தானவை இந்த ரகம்தான். எழுத்து பூதாகரமாகவோ புள்ளியாகவோ தெரிந்தால் கண்ணே சொல்லிவிடும். எண் தவறினால் கண் சொல்லாது.

கோப்பு ஒரு தரைத்தளம், முதல் தளம் வீடு. மனை 30 அடிக்கு 50 அடி, அதாவது 9144 × 15240 மி.மீ. மாடலில் (வீட்டை வரையும் இடம்) எல்லாம் மி.மீட்டரில், முழு அளவில் வரைந்தது. அதிலிருந்து வர வேண்டியவை: அனுமதிக்கான பிளான் 1:100, வேலைக்கான பிளானும் செக்‌ஷனும் 1:50, படிக்கட்டு 1:20, சைட் பிளான் 1:200. வேலைக்கான வரைபடங்கள் எல்லாம் ஒரே ஏ1 ஷீட்டில். மென்பொருள் ஆட்டோகேட். பிரிக்ஸ்கேட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான மாறிகள் இதே பெயரில்தான் இருக்கும்.

கோப்புக்குள் இருந்தது

தரைத்தள டைமென்ஷன்கள் டிம்ஸ்கேல் 100-ல். முதலில் அனுமதிப் பிளான் மட்டும் கேட்டிருக்கிறார்கள், அதற்குப் போட்டது. முதல் தளம் டிம்ஸ்கேல் 50-ல். 1:50 வியூபோர்ட்டில் (தாளிலிருந்து மாடலைக் காட்டும் ஜன்னல்) இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கீழ்த்தளத்து எழுத்து மேல்தளத்தைவிட இருமடங்கு. காரணம் சின்னக் கணக்கு. தாளில் 2.5 மி.மீ. எழுத்து வேண்டுமென்றால் மாடலில் அதன் உயரம் 2.5 பெருக்கல் ஸ்கேல்: 1:100-க்கு 250, 1:50-க்கு 125, 1:20-க்கு 50. டிம்ஸ்கேல் செய்வது இந்தப் பெருக்கலை மட்டுமே. எழுத்து, அம்பு, நீட்டுக்கோட்டின் இடைவெளி எல்லாவற்றையும் பெருக்கும். அளந்த எண்ணைத் தொடாது. எண்ணைப் பெருக்குவது டிம்எல்ஃபாக். இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

படிக்கட்டில் நடந்தது இதுதான். 1:20 வரைபடத்தை 1:50 வியூபோர்ட்டிலேயே காட்டிவிடலாம் என்று, மாடலில் ஒரு நகல் எடுத்து 2.5 மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள் (50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5). 150 ரைசர் மாடலில் 375 ஆனது. எண் சரியாக வர டிம்எல்ஃபாக் 0.4 கொடுத்திருந்தார்கள், 375-ல் 0.4 பங்கு 150. அதுவரை சரி. ஆனால் அந்த 0.4 ஸ்டைலில் இல்லை, ஒவ்வொரு டைமென்ஷனிலும் தனித்தனி ஓவர்ரைடாக (ஸ்டைலை மீறிக் கொடுத்த மதிப்பு) இருந்தது. பிறகு யாரோ எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டுமென்று முதல் தளத்து டைமென்ஷனிலிருந்து மேட்ச் பிராப்பர்ட்டீஸ் (ஒன்றின் தன்மைகளை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கட்டளை) போட்டார்கள். ஓவர்ரைடு அழிந்து 1-க்குத் திரும்பியது. 375 வந்தது.

இதோடு நிற்கவில்லை. 375-ஐப் பார்த்த இன்னொருவர் சில டைமென்ஷன்களில் மேலேயே 150 என்று கையால் தட்டியிருந்தார். அது டெக்ஸ்ட் ஓவர்ரைடு. கீழே கோடு எவ்வளவு நகர்ந்தாலும் எண் அசையாது. படி உயரத்தை மாற்றி வரைந்தாலும் 150 என்றே அச்சாகும். ஒரே படிக்கட்டில் மூன்று விதப் பொய்: பெரிதாக்கிய வடிவம், தவறான பெருக்கி, கையால் எழுதிய எண்.

சைட் பிளானுக்கு நில அளவையாளரின் கோப்பு எக்ஸ்ரெஃபாக (வெளியிலிருந்து இணைக்கும் கோப்பு) இணைந்திருந்தது. அது மீட்டரில் வரைந்தது, அதன் இன்ஸ்யூனிட்ஸ் (கோப்பின் அலகைச் சொல்லும் மாறி) 6. நம் கோப்பில் 4, அதாவது மி.மீ. இரண்டும் சரியாக இருந்ததால் மென்பொருள் தானே 1000 மடங்கு பெரிதாக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் 0 (அலகு இல்லை) என்று இருந்திருந்தால் மனை ஒன்பது மில்லிமீட்டர் புள்ளியாக வந்து விழக்கூடும். வடிவம் 1000 மடங்கு ஆனாலும் எக்ஸ்ரெஃபுக்குள் இருக்கும் டைமென்ஷன் தன் எண்ணை மறுபடி கணக்கிடாது. அதனால் 9.14 என்றே நின்றது. பக்கத்திலேயே நம்மவர் போட்டது 9144. இரண்டும் உண்மை, ஆனால் ஒரே ஷீட்டில் இரண்டு மொழி.

முதலில் தாள்

சரிசெய்யும்போது மாடலைத் தொடுவதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டியது: தாளில் எழுத்து எத்தனை மி.மீ.? ஐஎஸ்ஓ 3098 வரிசை 1.8, 2.5, 3.5, 5, 7 என்று போகிறது, ஒவ்வொன்றும் முந்தியதன் ஏறக்குறைய 1.4 மடங்கு. டைமென்ஷனுக்கு 2.5, அறைப் பெயருக்கு 3.5, வரைபடத் தலைப்புக்கு 5 என்பது பரவலான பழக்கம். இந்தக் கோப்பில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஏ1 ஷீட்டை சைட்டுக்கு ஏ3-ல் அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏ1-லிருந்து ஏ3 என்றால் நீளவாக்கில் சரிபாதி. 2.5 எழுத்து 1.25 ஆகிவிடும். சிமென்ட் கையோடு, மத்தியான வெயிலில், நாலாக மடித்த தாளில் அதைப் படிக்க முடியாது.

எழுத்தை 3.5 ஆக்கினால் ஏ3-ல் 1.75 கிடைக்கும், படிக்கலாம். ஆனால் அங்கே சுவர் குறுக்கே வருகிறது. 9 அங்குலச் சுவர் 230 மி.மீ. 1:50-ல் தாளில் 4.6 மி.மீ., 1:100-ல் 2.3. 2.5 உயரத்தில் '230' என்று எழுதவே ஏறக்குறைய 6 மி.மீ. அகலம் வேண்டும், இருபுறமும் டிம்கேப் இடைவெளி தனி. ஆக 2.5-லேயே எண் சுவருக்குள் அடங்காமல் வெளியே தள்ளப்படும். 3.5 ஆனால் பக்கத்து எண்ணின் மேலேயே ஏறும். எழுத்தைப் பெரிதாக்குவது இங்கே வழியல்ல.

வழி தாளில்தான் இருந்தது. மனையின் மொத்தப் பிளான் 1:50-ல் 183 × 305 மி.மீ. சுற்றிலும் மூன்று வரிசை டைமென்ஷனுக்குப் பக்கத்துக்கு 30 மி.மீ. வைத்தாலும் 243 × 365. நிமிர்த்திய ஏ3 297 × 420. இடப்பக்கம் 20, மற்றப் பக்கங்கள் 10 ஓரம் விட்டால் 267 × 400 மிச்சம். பிளான் உட்கார்ந்த பிறகு கீழே டைட்டில் பிளாக்குக்கு 35 மி.மீ. கிடைக்கிறது. ஆகவே சைட்டுக்கு ஏ1-ஐச் சுருக்காமல், ஒரு தளத்துக்கு ஒரு ஏ3 லேஅவுட் (அச்சுக்கான தாள் பக்கம்), அதே 1:50. எழுத்து 2.5-ஆகவே அச்சாகும், டைமென்ஷன் ஒன்றைக்கூடத் திரும்பப் போட வேண்டாம். ஏ1 அலுவலகத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டைல்களும் ஸ்கேல் பட்டியலும்

இதற்குப் பிறகுதான் ஸ்டைல். டெக்ஸ்ட் ஸ்டைல் இரண்டு போதும். குறிப்புகளுக்கு ஒன்று: அன்னொட்டேட்டிவ் (ஸ்கேலுக்கேற்பத் தானே அளவு மாறும் தன்மை) டிக், தாள் உயரம் 2.5. டைமென்ஷனுக்கு ஒன்று: உயரம் 0. இந்த 0 முக்கியம். டெக்ஸ்ட் ஸ்டைலில் நிலையான உயரம் இருந்தால் டைமென்ஷன் ஸ்டைலின் உயரக் கட்டம் முடங்கிவிடும். டிம்டெக்ஸ்டில் என்ன கொடுத்தாலும் கேட்காது. 'எழுத்து உயரம் மாறவே மாட்டேன் என்கிறது' என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது.

டைமென்ஷன் ஸ்டைலில் ஃபிட் தாவலுக்குப் போய் அன்னொட்டேட்டிவை டிக் செய்தால் மொத்த ஸ்கேல் கட்டம் மங்கிவிடும். இனிப் பெருக்கல் ஸ்டைலின் வேலை அல்ல. உள்ளே கொடுக்கும் எல்லா எண்ணும் தாள் மி.மீ. ஐஎஸ்ஓ-25 ஸ்டைலோடு வரும் எழுத்து 2.5, அம்பு 2.5, கோட்டைத் தாண்டும் நீட்டம் 1.25, இடைவெளி 0.625 ஆகியவை கட்டட வேலைக்கும் ஓரளவு ஒத்துவரும். அம்புக்குப் பதில் சாய்கோடு, அதை 1.5 ஆகக் குறைத்தால் சுவர் சந்திகளில் நெரிசல் இல்லை. நீட்டுக்கோட்டின் தொடக்க இடைவெளி 0.625 சுவரோடு ஒட்டியே தெரியும், 2 ஆக்கினால் நன்று. டிம்டிஎல்ஐ (டைமென்ஷன் வரிசைகளுக்கு இடையேயான தூரம்) 3.75 என்பதை 8 ஆக்கியது. ஆனால் அது பேஸ்லைன் டைமென்ஷனின் வரிசைகளுக்கும் கியூடிம் கட்டளைக்கும்தான். கையால் இழுத்து வைக்கும் வரிசைகளைத் தானே ஒழுங்குபடுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வெளியே தள்ளப்படும் சுவர் எண்ணுக்கு டிம்டிமூவ் 2. எண்ணைப் பிடித்து இழுத்தால் டைமென்ஷன் கோடு கூடவே வராது, குட்டி லீடரும் (சுட்டுக்கோடு) முளைக்காது. 230 போன்றவற்றுக்கு இதுவே சுத்தம்.

சைட் பிளானுக்கு மட்டும் தனி ஸ்டைல்: டிம்எல்ஃபாக் 0.001, தசமம் இரண்டு. 9144 என்பது 9.14 என்று வரும். டிம்எல்ஃபாக்கை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை; அது பெயருள்ள ஸ்டைலுக்குள் இருக்க வேண்டும், ஒற்றை டைமென்ஷனின் முதுகில் ஒளிந்திருக்கக் கூடாது, அவ்வளவே. நில அளவையாளரின் டைமென்ஷன் லேயரை அந்த வியூபோர்ட்டில் மட்டும் ஃப்ரீஸ் செய்தாயிற்று.

பிறகு ஸ்கேல் பட்டியல். பல கைகள் மாறி, பல எக்ஸ்ரெஃப்கள் வந்து போன கோப்பில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்ரெஃப் என்று ஒட்டிக்கொண்ட ஸ்கேல்கள் பாசி போலப் படர்ந்திருக்கும். ஸ்கேல்லிஸ்ட்எடிட் திறந்து ரீசெட் கொடுத்து, 1:200, 1:100, 1:50, 1:20 தவிர மற்றவற்றை நீக்கியது. மீட்டரில் வரைபவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. லேஅவுட் மி.மீட்டரில் இருக்க, பட்டியலில் உள்ள 1:100-ஐ அப்படியே எடுத்தால் 1 மீட்டர் தாளில் 0.01 மி.மீ. ஆகும். வியூபோர்ட்டுக்கு அலகு தெரியாது, தாள் எண்ணையும் மாடல் எண்ணையும் வகுக்க மட்டுமே தெரியும். மீட்டர் கோப்பில் உண்மையான 1:100 என்றால் தாள் அலகு 10, மாடல் அலகு 1 என்று புதிய ஸ்கேல் சேர்க்க வேண்டும். அங்குலத்தில் வரைந்த கோப்பில் அதே 1:100-க்கு தாள் 25.4, மாடல் 100.

பழையதை மாற்றுதல்

ஸ்டைலை அன்னொட்டேட்டிவ் ஆக்கிவிட்டால் பழைய டைமென்ஷன்கள் தாமாக மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸில் அன்னொட்டேட்டிவ் 'ஆம்' என்று கொடுப்பதே நிச்சயமான வழி. அதற்கு முன்பு கீழே ஸ்டேட்டஸ் பட்டையில் நடப்பு அன்னொட்டேஷன் ஸ்கேல் என்ன என்று பார்க்க வேண்டும். அந்த ஸ்கேல்தான் அந்தப் பொருளில் ஒட்டிக்கொள்ளும்.

குறிப்பெழுத்துகளில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். முதல் தளத்தின் குறிப்புகள் 125 உயரம். நடப்பு ஸ்கேலை 1:50 வைத்துவிட்டு மாற்றினால் தாள் உயரம் 2.5 என்று சரியாக வரும். 1:1-ல் இருக்கும்போது மாற்றினால் மென்பொருள் 125-ஐ ஒன்றால் வகுத்து, தாள் உயரம் 125 மி.மீ. என்று எழுதிக்கொள்ளும். மாடலில் பார்க்க ஒன்றும் மாறியிருக்காது. பின்னால் 1:50-ஐச் சேர்த்த கணத்தில் ஒரு எழுத்து வீட்டின் பெரும்பகுதியை மறைக்கும். தரைத்தளத்தின் குறிப்புகள் 250 உயரம் என்பதால் அவற்றை 1:100-ல் வைத்து மாற்றி, பிறகு 1:50-ஐச் சேர்த்தது.

சேர்ப்பதும் நீக்குவதும் ஆப்ஜெக்ட்ஸ்கேல் கட்டளையில். அறை அளவுகள், வெளிச்சுவர் வரிசைகள் 1:100, 1:50 இரண்டிலும் வேண்டும், ஆகவே இரண்டு ஸ்கேல். ஜன்னல் உள்ளளவு, சுவர் கனம் போன்றவை 1:50 மட்டும். அனுமதிப் பிளானில் அவை தானாக மறைந்து தாள் மூச்சுவிடும். படிக்கட்டின் எண்கள் 1:20 மட்டும்: 150 ரைசர் 1:20-ல் தாளில் 7.5 மி.மீ., எண் ஒழுங்காக உட்காரும். 1:100-ல் 1.5 மி.மீ., அங்கே அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. எந்தப் பொருள் எந்த ஸ்கேலில் பேச வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அன்னொட்டேட்டிவின் உண்மையான பலன். எழுத்து உயரம் தானே சரியாவது அடுத்துதான்.

இதே காரணத்தால் அன்னொஆட்டோஸ்கேல் அணைந்தே இருக்க வேண்டும். அது 4-ல் இருந்தால், ஒருவர் ஸ்கேலை 1:200-க்கு மாற்றி எட்டிப் பார்த்தாலே கோப்பிலுள்ள எல்லா அன்னொட்டேட்டிவ் பொருளுக்கும் 1:200 ஒட்டிவிடும். சைட் பிளானில் நோசிங் அளவு முளைக்கும். மைனஸ் எண் என்றால் அணைந்தது என்று பொருள்.

இரண்டு ஸ்கேல் உள்ள டைமென்ஷனுக்கு இரண்டு இருப்பிடமும் உண்டு. தாளில் 10 மி.மீ. இடைவெளி என்றால் 1:50-ல் வரிசைகள் 500 மி.மீ. தள்ளி, 1:100-ல் 1000 தள்ளி. நடப்பு ஸ்கேலை மாற்றிக்கொண்டு கிரிப்பை (பிடித்திழுக்கும் புள்ளி) இழுத்தால் அந்த ஸ்கேலின் பிரதி மட்டும் நகரும். இரண்டு ஸ்கேலிலும் நகர்த்தி முடித்த பிறகு அன்னொரீசெட் போட்டுவிட்டால் எல்லாப் பிரதிகளும் நடப்பு ஸ்கேலின் இடத்துக்கே ஓடிவந்துவிடும், அரை நாள் உழைப்பு போகும்.

படிக்கட்டுக்குக் குறுக்கு வழி இல்லை. பெரிதாக்கிய நகலை 0.4-ஆல் ஸ்கேல் செய்து உண்மை அளவுக்குத் திருப்பி, டைமென்ஷன்களின் டிம்எல்ஃபாக்கை 1 ஆக்கி, கையால் எழுதிய எண்களை நீக்கியது. ஓவர்ரைடு கட்டத்தைக் காலியாக்கலாம், அல்லது <> என்று எழுதலாம். அந்தக் குறி 'அளந்த எண்ணைப் போடு' என்று பொருள்படும். ஒளிந்திருப்பவற்றைக் கண்டுபிடிக்க கியூசெலக்டில் டைமென்ஷன்களை எடுத்து, 'டிம் ஸ்கேல் லீனியர்' 1-க்குச் சமமில்லை என்று ஒரு தடவை, டெக்ஸ்ட் ஓவர்ரைடு காலியில்லை என்று இன்னொரு தடவை. சரிபார்க்கக் கணக்கும் உண்டு: தள உயரம் 3000, 150 ரைசர் 20. பத்து பத்தாக இரண்டு வரிசை, வரிசைக்கு 9 டிரெட் (கால் வைக்கும் பரப்பு), டிரெட் 250, ஆக 2250. எண்கள் கூடிவந்தன. ஒரு இடத்தில் மட்டும் கையால் எழுதிய 250-க்கு அடியில் 240 இருந்தது.

வியூபோர்ட்

1:50 லேஅவுட்டில் ஒரு வியூபோர்ட் மட்டும் உதைத்தது. 4500 மி.மீ. வரவேற்பறை தாளில் 90 இருக்க வேண்டும், இருந்தது 95. பூட்டாத வியூபோர்ட்டுக்குள் இருமுறை கிளிக் செய்து மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் இதுதான் நடக்கும்: ஸ்கேல் 0.02-லிருந்து 0.0211-க்கு நழுவும். பட்டியலிலிருந்து ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் வியூபோர்ட் ஸ்கேலும் அன்னொட்டேஷன் ஸ்கேலும் சேர்ந்தே மாறும்; சக்கரத்தால் நழுவினால் முன்னது மட்டும் போகும், பின்னது 1:50-லேயே நிற்கும். எழுத்து 125 × 0.0211, அதாவது 2.64 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஸ்டேட்டஸ் பட்டையில் இரண்டு ஸ்கேலும் ஒத்துப்போகவில்லை என்று ஐகான் காட்டும், அதைச் சொடுக்கிச் சேர்த்துவிட்டு வியூபோர்ட்டைப் பூட்ட வேண்டும். எல்லா வியூபோர்ட்டையும்.

இன்னொரு வியூபோர்ட்டில் டைமென்ஷன்களே காணவில்லை. லேயர் ஃப்ரீஸ் என்று தேடுவதற்கு முன் அன்னொஆல்விசிபிள் மாறியை 1 ஆக்கிப் பார்ப்பது விரைவு. வந்துவிட்டால் அந்தப் பொருளில் இந்த ஸ்கேல் இல்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு 0-க்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மறைய வேண்டியவையும் அச்சாகும்.

லேஅவுட்டிலேயே டைமென்ஷன் போடுபவர்கள் உண்டு, அதில் தவறில்லை. டிம்அசாக் 2-ல் இருந்தால் வியூபோர்ட் வழியாக மாடலின் உண்மை அளவையே படிக்கும். பிணைப்பு அறுந்தால் 4500 அறை 90 என்று காட்டும். இந்தக் கோப்பில் ஒரே டைமென்ஷன் மூன்று லேஅவுட்டுகளுக்குப் போக வேண்டியிருந்ததால் மாடலே தோது.

புள்ளிக்கோடுகளுக்கு எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் மூன்றும் 1, பிறகு ரீஜென்ஆல். சன்ஷேடின் விட்டுவிட்ட கோடு 1:50-லும் 1:20-லும் தாளில் ஒரே நீளம் வரும். லீடருக்கு மல்ட்டிலீடர் ஸ்டைலையும் அன்னொட்டேட்டிவ் ஆக்கியாயிற்று.

அச்சு

லேஅவுட் பிளாட் ஸ்கேல் 1:1, 'ஃபிட் டு பேப்பர்' டிக் இல்லாமல். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கடைக்காரர் பிரின்ட் பெட்டியில் 'ஃபிட்' விட்டுவைப்பார், அங்கேயே ஸ்கேல் சில சதவீதம் போகும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி அனுப்பினாலும் நம்பிக்கை போதாது. ஆகவே டைட்டில் பிளாக்கின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டு, இரு முனையிலும் குறியிட்டு வைத்தது. வந்த தாளில் எஃகு ஸ்கேலை அதன்மேல் வைத்தால் ஒரு நொடியில் தெரியும். முதல் அச்சில் அது 97 இருந்தது. இரண்டாவதில் 100, வரவேற்பறை 90, எழுத்து 2.5.

கோப்பை வாங்குபவர் ஆட்டோகேட் 2007 அல்லது அதற்கு முந்தைய பதிப்புக்குக் கேட்டால் சேவ்ஃபிடெலிட்டி 1 இருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். அன்னொட்டேட்டிவ் வந்தது 2008-ல்தான். பழைய பதிப்பில் ஒவ்வொரு ஸ்கேலின் பிரதியும் தனித்தனி லேயரில் போய் நிற்கும், அங்கே வேண்டாததை அணைத்துக்கொள்ளலாம்.